பதினாறு குறுக்குக் கட்டைகள்

பலகை விழுந்த சத்தம் கேட்டபோது நான் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். எனக்குச் சூடாகக் குடிக்க வராது, நாக்கு வெந்துபோகும். துறைமுகத்தில் பகல் முழுக்க ஏதாவது விழுந்துகொண்டேதான் இருக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. பீப்பாய் உருளும், சங்கிலி அறுந்து விழும். ஆனால் இருபத்துநாலு அடி நடைப்பலகை ஒன்று தண்ணீரில் குப்புற விழுந்தால் அந்தச் சத்தம் தனி. அப்புறம் கூச்சல் கிளம்பியது. நான் கோப்பியைக் குடித்து முடித்து, மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மெதுவாகத்தான் போனேன். என்னால் மெதுவாகத்தான் போக முடியும். அது உங்களுக்கே தெரிகிறது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். பெயர் திருநாவுக்கரசு, வயது ஐம்பத்தொன்று. இந்தப் படகுக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுவேன், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பேன், புதன்கிழமை தோறும் வருகிற துரை டாக்டர் முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்துவேன். இடது கால் வலதைவிட இரண்டு அங்குலம் குட்டை. ஐந்து வயதில் வந்த காய்ச்சல் கொடுத்துவிட்டுப் போனது. எல்லோரும் என்னை டிரசர் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

இறந்துபோன சீனி முகம்மது அதே கம்பெனியில் மூட்டை எண்ணும் கிராணி. எதிர்க்கரையில் பத்து காவான் ஊர்த் தோட்டங்களிலிருந்து கொப்பரையும், கப்பலிலிருந்து ரங்கூன் அரிசியும் தொங்கான் படகுகளில் கரைக்கு வரும். படகுக்கும் கரைக்கும் நடுவே பலகை போடுவார்கள். கூலிகள் மூட்டையோடு அதில் வருவார்கள். படகில் எத்தனை, கரையில் எத்தனை என்று பார்க்க, கிராணி ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அந்தப் பலகையில் போய்வர வேண்டும்.

அவரைப் பினாங்கில் தெரியாதவர்கள் குறைவு. கிராணி வேலையால் இல்லை, நடையால். முஹர்ரம் வந்தால் போரியாக் கோஷ்டிகள் வேஷம் கட்டித் தெருத் தெருவாகப் பாடிக்கொண்டு போகுமே, அதில் சூலியா தெருக் கோஷ்டிக்கு அவர்தான் கோமாளி. பேசவே மாட்டார். நடந்து மட்டும் காட்டுவார். துரை பிரம்பைச் சுழற்றிக்கொண்டு போவதை நடப்பார். காவல்காரன் தூக்கத்தோடு ரோந்து போவதை நடப்பார். புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்குள் நுழைவதை நடப்பார். பத்தடி போதும், ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

1923-ஆம் வருஷம் முஹர்ரத்தில் அவர் ஒரு நொண்டியின் நடையை நடந்தார். இடது காலை இழுத்து, தொடையில் கையை ஊன்றி, அடிக்கு ஒரு தரம் தோள் சாய. நான் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றிருந்தேன். தெருவே சிரித்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் தெரியும். மறுநாள் காலையில் விரலில் ஒரு கீறலோடு என்னிடம் வந்து மருந்து போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர்போல மழையைப் பற்றிப் பேசினார். அடுத்த வருஷமும் அதே நடை. அதற்கடுத்த வருஷமும்.

இதைப் பகை என்று எழுதவேண்டாம். ஏழு வருஷம் நான் அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. செய்ய வழி கிடைக்கவில்லை என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

போன வருஷத் தொடக்கத்தில் அவருடைய வலது கைக் கட்டைவிரல் ஆடத் தொடங்கியது. சும்மா இருக்கும்போது மாத்திரை உருட்டுவதுபோல ஆடும். அப்புறம் எழுத்து எறும்பு மாதிரிச் சிறுத்தது. நடக்கும்போது கை வீசாது. வாசல் வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டு விட்டால் உடம்பு முன்னால் சாய்ந்து குடுகுடுவென்று ஓடும், சுவரைப் பிடித்தால்தான் நிற்கும். முகம் மரம்போல ஆயிற்று. டாக்டர் புத்தகத்தில் பார்க்கின்சன் நோய் என்று பெயர். நம் ஆட்கள் நடுக்குவாதம் என்பார்கள். ஆனால் சீனி முகம்மதுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர் தடுமாறுவதைப் பார்த்தவர்கள் புது வேஷம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணே, என் காலு ரெண்டும் கம்பெனிக் கூலிங்க மாதிரி ஆயிருச்சு. மண்டோர் வந்து அதட்டினாத்தான் நகருது," என்றார். சிரிப்பதற்காகச் சொன்னது, முகம்தான் சிரிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேத்து பள்ளிவாசல் படியில அப்படியே நின்னுட்டேன். பின்னால வந்த பயலுங்க, 'நல்லாப் பண்றீங்க நானா, இன்னொரு தடவை பண்ணுங்க'ங்கிறானுங்க."

நான் மருந்து கொடுத்தேன். ஊமத்தை இனத்துச் செடியிலிருந்து எடுக்கிற மருந்து அது. நோயைத் தீர்க்காது, இறுக்கத்தைத் தளர்த்தும், கால் விடும். அளவு குறைந்தால் கால் ஒட்டும். கூடினால் வாய் உலர்ந்து, இல்லாத பூனைகள் கண்ணில் தெரியும். எத்தனை சொட்டில் கால் ஒட்டுகிறது, எத்தனை சொட்டில் பூனை வருகிறது என்று இரண்டையும் நான் அவரிடமே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அளவு தெரியாமல் மருந்து கொடுப்பது தப்பு. துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவைத்தேன். என் பதிவுப் புத்தகத்திலும் எழுதவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தரைக் கோடுகளின் விஷயம் எனக்குத் தெரிந்தது. என் அறை சிவப்புச் சிமெண்டுத் தரை. நடு அறையில் ஒட்டிக்கொண்டு நிற்பார். அதே ஆள் சூலியா தெருவில், கட்டம் கட்டமாக ஓடு பதித்த கடை வாசல்களில், தடையில்லாமல் வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சாக்கட்டியால் தரையில் அடிக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டுவதுபோலக் காலைத் தூக்கி, பழைய சீனி முகம்மதாக நடந்தார். சுவர் வரை போய் நின்று அழுதார். எப்படி அண்ணே என்று கேட்டார். எப்படி என்று எனக்கும் தெரியாது. கோடு இருந்தால் நடப்பார். ஈரத்துணியால் துடைத்தால் நிற்பார்.

இதைப் பல தடவை சோதித்தேன். ஒரு தடவை அவர் நடு அறையில் இருக்கும்போது முன்னால் இருந்த கோடுகளைத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்கு மீன் குழம்பு நன்றாக இருந்தது. முக்கால் மணி ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்திருந்தது. நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மனுஷனைச் சங்கடப்படுத்தக்கூடாது.

இரண்டு மாசத்துக்கு முன் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பலகை வேலையிலிருந்து இறக்கிவிட வேண்டும். கிட்டங்கிக்குள் ஒரு நாற்காலி போட்டால் போதும், உட்கார்ந்தபடி மூட்டை எண்ணுவேன் என்றார். "பலகை நடுவுல காலு ஒட்டிக்கிச்சுன்னா நான் போய்ச் சேந்துருவேண்ணே. மூணு பொட்டப்புள்ள இருக்கு," என்றார். நியாயமான கோரிக்கை. மனுவை நானே நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். தீர்மானிக்க வேண்டியவர் துரை டாக்டர். அவர் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்; நடக்க முடியாதவனுக்கு நாற்காலி, நடக்க முடிந்தவனுக்குப் பலகை.

டாக்டர் அந்த மனுவைப் பார்க்க வந்த புதன்கிழமை காலையில் சீனி முகம்மதுக்குச் சரியான நேரத்தில் சரியான அளவு மருந்து கொடுத்தேன். டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால். பூனைக்கு இரண்டு சொட்டு குறைவு. வழக்கமாகப் பரிசோதனை என் அறையில் நடக்கும். அன்றைக்கு டாக்டரிடம், ஆபீஸ் தாழ்வாரத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும் சார் என்றேன். அந்தத் தாழ்வாரம் கறுப்பும் வெள்ளையுமாக ஓடு பதித்தது. ஓர் ஓடு ஓர் அடி.

மருந்தில்லாமல் என் அறையில் நிறுத்தியிருந்தால் அவர் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். தாழ்வாரத்தில் ராஜா மாதிரி நடந்தார். கடைசி ஓட்டில் நின்று, திரும்பி, மறுபடியும் நடந்து வந்தார். அவர் முகத்தில் ஒரு வருஷமாக வராத சிரிப்பு லேசாக வந்தது. நடக்க முடிந்ததே என்ற சந்தோஷம். அப்புறம்தான் டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

டாக்டர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். இவன் கூத்தில் கோமாளியாமே, உண்மையா என்றார். உண்மை சார் என்றேன். பிறர் நடையை நடந்து காட்டுவானாமே என்றார். அச்சு அசலாகக் காட்டுவார் சார் என்றேன். இவன் ஏதாவது மருந்து சாப்பிடுகிறானா என்று மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. காசு கொடுக்காமல் நல்ல கூத்துப் பார்த்தேன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே டாக்டர் எழுதினார்: நோய் எதுவும் இல்லை, நடிப்பு, இன்னொரு தடவை மனு வந்தால் வேலையிலிருந்து நீக்கவும்.

சீனி முகம்மது என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. வெளியே போகும்போது, "நல்லா நடந்துட்டேனேண்ணே," என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து மருந்தை நிறுத்தினேன். நோயில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். நோயில்லாதவனுக்கு மருந்து கொடுக்க ஒரு டிரசருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? நீங்களும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர், உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், மருந்து இல்லாமலும் அவர் பலகையில் நடந்தார். தரையில் தள்ளாடித் தள்ளாடி வருவார். கரை விளிம்பில் நின்றுவிடுவார். பலகையில் முதல் அடி வைத்ததும் கால் சீராகிவிடும். மூன்றாம் நாள்தான் காரணம் தெரிந்தது. மூட்டைக்காரர்கள் வழுக்காமல் இருக்க அந்தப் பலகையில் குறுக்கே கட்டைகள் அறைந்திருந்தார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று. பதினாறு கட்டை. என் சன்னலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். நான் சாக்கட்டியால் போட்ட கோடுகளை இந்தப் பலகை இருபது வருஷமாகத் தன் முதுகில் வைத்திருந்தது. பலகைக்குப் பயந்து நாற்காலி கேட்டார். கடைசியில் அந்த ஊரிலேயே அவர் பயமில்லாமல் நடக்க முடிந்த இடம் அந்தப் பலகைதான். எட்டு நாள் பார்த்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எட்டாவது நாள் வியாழக்கிழமை. மத்தியானம் அவர் மனைவி சபூரா காலி மருந்துப் புட்டியோடு வந்தாள். மருந்து கேட்டாள். கொடுக்க முடியாது என்றேன். வேறு சில விஷயமும் பேசினாள். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

அன்று சாயங்காலம் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். நடைப்பலகையில் உள்ள குறுக்குக் கட்டைகளில் இடறிக் கூலிகளின் கால்விரல் நசுங்குகிறது; இந்த மாசம் மட்டும் பதினொரு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன்; கட்டைகளைக் கழற்றிப் பலகையை இழைத்துவிட்டால் நல்லது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பதினொரு விரல், நீங்கள் புத்தகத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு மாசமும் பத்துப் பன்னிரண்டு விரல் வரும். பத்தொன்பது வருஷமாக வருகிறது.

வெள்ளிக்கிழமை சீனி முகம்மது ஜும்ஆவுக்காக அரைநாள் லீவில் போன பிறகு தச்சன் முனுசாமி வந்து கட்டைகளைக் கழற்றினான். நன்றாக இழைத்தான். கையை வைத்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. வேலை சுத்தம் என்று நானே அவனைப் பாராட்டினேன்.

சனிக்கிழமை காலை. சத்தம் கேட்டது என்றுதான் முதலில் சொன்னேன். பார்த்தேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் கரை விளிம்புக்கு வந்தார். பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி என் சன்னலைப் பார்த்தார். கோடுகளின் விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

பின்னால் மூட்டைக் கூலி அர்ஜுனன், படகுக்குத் திருப்ப வேண்டிய கொப்பரை மூட்டை ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு பலகைக்கு வந்தான். கணக்கில் கூடுதலாக இறங்கிய மூட்டையாம். அவன் அவசரப்படுத்தினான். சீனி முகம்மது என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த பென்சிலை முன்னால் பலகைமேல் போட்டார். அது குறுக்காக விழுந்தது. அதைத் தாண்டினார். தாண்டிய வேகத்தில் ஏழெட்டு அடி போய்விட்டார். மறுபடி நின்றார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி முன்னால் போட்டார். அதையும் தாண்டினார். நடுப்பலகைக்கு வந்தார். அதற்குமேல் போடுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

நான் வியந்துதான் போனேன். அவ்வளவு நடுக்கத்திலும் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அர்ஜுனனும் மூட்டைக்கு அடியிலிருந்து சிரித்துக்கொண்டே கத்தினான்: "நானா, முஹர்ரம் இன்னும் வரலை லா. நடங்க, கழுத்து ஒடியுது."

அவருடைய கால்கள் பலகையோடு ஒட்டிக்கொண்டன. அடி எழவில்லை. அர்ஜுனன் ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டான். மூட்டை அவர் முதுகில் பட்டது. இந்த நோய்க்காரர்களை லேசாகத் தொட்டாலே மரம் சாய்வதுபோலச் சாய்வார்கள். காலை மாற்றி வைத்துச் சமாளிக்க அவர்களால் முடியாது. அவர் சாய்ந்தார், மூட்டை சரிந்தது, பலகை துள்ளிப் புரண்டது. அர்ஜுனன் நீந்திக் கரையேறினான். சீனி முகம்மதுக்குக் கை வீசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அலைக்கு விலகிய தொங்கான், அவர் நடுவில் இருக்க, திரும்பவும் கரைத் தூணோடு வந்து சேர்ந்தது. உடம்பை நீங்களே பார்த்தீர்கள். மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

நான் போய் நாடி பார்த்தேன். இறந்துவிட்டார் என்று முறைப்படி சொன்னேன். விரல்கூட ஆடவில்லை. ஒரு வருஷத்தில் அந்தக் கட்டைவிரல் ஓய்ந்திருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதுதான் நடந்தது. நான் அவரைத் தொடவில்லை. மருந்தைக் கொடுத்தேன், நிறுத்தினேன், வெளிச்சமான இடம் சொன்னேன், விரல்களைப் பற்றி எழுதினேன். எல்லாம் சேர்ந்து கொலை என்றால் கொலைதான். நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

சபூரா வியாழக்கிழமை வேறு என்ன பேசினாள் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சரி. மருந்து கொடுக்காததற்குக் காரணம் கேட்டாள். நான் ஒளிக்கவில்லை. எட்டு வருஷமாக உன் புருஷன் ஊர் முன்னால் என் நொண்டி நடையை நடந்து காட்டிச் சிரிக்க வைத்தாரே, இப்போது தன் நடையை நடந்து காட்டட்டும் என்றேன். அவள் ஏதோ புரியாதவள்போல விழித்தாள். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தாள், அப்படி ஒரு கால் எனக்கு இருப்பதை அப்போதுதான் பார்க்கிறவள்போல. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். அவளை அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அந்தக் குறிப்பை எழுதினேன். கோபத்தில் எழுதியதல்ல, எழுத்தைப் பாருங்கள், ஒன்றுகூடச் சாயவில்லை. அவள் சொன்னது இதுதான்:

"உங்களையா? இல்லண்ணே, அது என் மாமனாரு நடை. மூட்டை விழுந்து காலு போனவங்க. அவங்க மௌத்தானதிலேருந்து அவங்கள நினைச்சுத்தான் வருஷா வருஷம் அப்படி நடப்பாரு. உங்க காலு இப்படின்னு அவரு வீட்டுல ஒரு நாளும் பேசினதே இல்லையே, அவரு கவனிச்சிருக்கவே மாட்டாருண்ணே."